காலை வேளை மருந்து

டோக்கன் நாற்பத்து மூன்று. டாக்டரம்மாவின் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கில் இருபத்தாறு எரிந்துகொண்டிருந்தது. நான் வந்து உட்கார்ந்த முக்கால் மணி நேரத்தில் அந்த எண் மூன்றே மூன்று முறைதான் மாறியிருந்தது. என் மடியில் சுண்டு குப்புறப் படுத்திருந்தாள். என் மகள், நான்கு வயது. அவளுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பாளாம். அவள் முதுகில் என் உள்ளங்கையை வைத்திருந்தேன். மற்ற அப்பாக்கள் பிள்ளை பக்கத்தில் வந்தால் தலையைத் தடவுவார்கள், நான் முதுகில் கை வைப்பேன், அப்படி ஆகிவிட்டது. சளி பிடித்து இரண்டு நாள். மூடி சரியாக இறுகாத பாட்டிலிலிருந்து காற்று கசிகிற மாதிரி, மூச்சு வெளியே வரும்போதெல்லாம் மெல்லிய ஒரு இழுப்பு. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கவில்லை, ஆகவே அவசரமில்லை, வரிசையில் காத்திருக்கலாம் என்று எனக்கே தெரிந்தது. இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

என் மனைவி வரவில்லை. அவளுக்குப் பார்சல் கிடங்கில் வேலை, பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட். நினைத்திருந்தால் காலையில் வந்துவிட்டு அப்படியே போயிருக்கலாம். "அந்த டாக்டர் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கிளம்பும்போது சுண்டுவுக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டு, பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னாள்.

"மருந்த ரெண்டு மடங்கு ஆக்கலாம்னு சொன்னா, உடனே தலைய ஆட்டிட்டு வந்துடாதீங்க. யோசிச்சு சொல்றோம்னு சொல்லுங்க. அது என் புள்ள, புரியுதா?"

என் பிள்ளையும்தான் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் வாய் வரை வந்து திரும்பிப் போகிற வார்த்தைகள்தான் அதிகம்.

முதல் முறை இழுப்பு வந்தபோது சுண்டுவுக்கு இரண்டரை வயது. சளி பிடித்தால் வரும், சளி போனால் போகும், வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். சளியோ விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போகவில்லை, குடிவந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு முன்பு இந்த டாக்டரம்மா ஒரு காகிதத்தில் இரண்டு இன்ஹேலர்களை வரைந்து காட்டினார். நீலம், இழுப்பு வரும்போது மட்டும். இன்னொன்று காவி நிறம், இழுப்பு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. அதில் இருப்பது ஸ்டீராய்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனைவியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அளவு ரொம்பக் குறைவு, நேராக நுரையீரலுக்குப் போகிறது, மாத்திரை மாதிரி உடம்பெல்லாம் சுற்றாது என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். "வளர்த்தி கொஞ்சம் குறையலாம், அரை இஞ்ச் கூட இருக்காது. மூச்சு முக்கியமா, உயரம் முக்கியமா, நீங்களே சொல்லுங்க" என்றார். மூச்சுதான் என்றாள் என் மனைவி. ஆனால் அதே கேள்வியை வெவ்வேறு விதமாக மூன்று தடவை கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைக் கதவு நிலையில் சாய்த்து நிற்கவைத்துத் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டாள். அன்றைக்கு நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். பின்னால் அதையே மனசுக்குள் அவளுக்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

இன்ஹேலரை அப்படியே வாயில் அடித்தால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளே போகாது. அதற்கு ஒரு ஸ்பேசர் கொடுத்தார்கள். கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் குழாய், முழங்கை நீளத்தில் பாதி இருக்கும். ஒரு முனையில் இன்ஹேலரைச் செருக வேண்டும், மறுமுனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ரப்பர் மாஸ்க். மருந்தைக் குழாய்க்குள் அடித்துவிட்டால் பிள்ளை ஐந்தாறு மூச்சில் மெதுவாக இழுத்துக்கொள்ளும். சுண்டு அதற்கு யானை என்று பெயர் வைத்தாள். முதல் இரண்டு வாரம் யானையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

காலை வேளை என் மனைவி கொடுப்பாள், மாலை வேளை நான். மாலையில் கொடுத்து முடித்துச் சுண்டுவை வாய் கொப்பளிக்கவைத்து முகம் துடைத்துவிட்டு, ஸ்பேசரைக் கழுவி வைப்பது என் வேலை. வாரம் ஒரு முறை கழுவினால் போதும் என்றுதான் சொன்னார்கள். நான் தினமும் கழுவினேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். முன்னால் நின்று சிரித்துப் பேசி விற்கிற ஆள் இல்லை. பின்னறையில் லென்ஸைத் தேய்த்து, பிரேமின் அளவுக்கு வெட்டிப் பொருத்துகிற ஆள். பதினேழு வருடம். ஒரு விரல் ரேகை, ஒரு நீர்த்துளித் தடம் இருந்தால் என் கண்ணை உறுத்தும். கடையில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணி ஒன்றை இதற்கென்றே எடுத்து வந்திருந்தேன். கழுவிய குழாயை உள்ளும் புறமும் அந்தத் துணியால் துடைத்து, விளக்கில் தூக்கிப் பார்த்து, பளபளவென்று அலமாரியில் வைத்தால்தான் எனக்கு அன்றைய நாள் முடியும். பிள்ளைக்கு நான் செய்கிறேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல அந்த ஐந்து நிமிடம் இருந்தது. மற்றபடி என்னால் என்ன செய்ய முடிந்தது? அவளுக்குப் பதில் நான் மூச்சு விட முடியுமா?

மருந்து ஆரம்பித்தும் இழுப்பு நிற்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலேயே இரண்டு நாள் ஆக்ஸிஜனோடு படுக்கவைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் நாங்கள் மூவரும் இதே டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்திருந்தோம். அவர் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, குரலில் எந்தக் குற்றமும் இல்லாமல் கேட்டார்: "ரெண்டு வேளையும் விடாம குடுக்கறீங்கல்ல?"

நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வையை டாக்டரம்மா பார்த்தார், இவளும் பார்த்தாள். "காலைல நான்தான் டாக்டர், விடாம குடுக்கறேன்" என்று இவள் சொன்னபோது குரல் ஏனோ கம்மியிருந்தது, உண்மையைச் சொல்கிறவளின் குரல் மாதிரி இல்லை. டாக்டரம்மா தலையசைத்து பைலில் ஏதோ எழுதினார். பைல் எங்களிடமே இருக்கும், ஒவ்வொரு முறையும் எடுத்துப் போக வேண்டும். பஸ்ஸில் இவள் அதைப் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நான் எடுத்துப் பார்த்தேன். "மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்படுவது சந்தேகம். காலை வேளை, தாய்." கடைசி மூன்று வார்த்தைகளுக்கு அடியில் கோடு போட்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். இன்ஹேலரின் முதுகில் இன்னும் எத்தனை தடவை அடிக்கலாம் என்று காட்டுகிற சின்ன எண் உண்டு. மாலையில் அதைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் மாலை பார்த்தால் சரியாக இரண்டு குறைந்திருக்கும். ஒருநாள்கூடத் தப்பவில்லை. நல்ல மனிதனாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பேன். ஒரு சாயங்காலம், அவளுக்கு விடுமுறை, சமையலறை சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று கேட்டேன்.

"காத்துல அடிச்சு விட்டுடறியா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழாயை மூடினாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்ச் சுண்டுவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஆறரைக்கு என்னை உலுக்கி எழுப்பினாள். "வந்து பாருங்க" என்றாள். தூக்கக் கலக்கத்தில் சிணுங்குகிற பிள்ளையை மடியில் வைத்து, இன்ஹேலரைக் குலுக்கி, மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சை எண்ணினாள். "பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன். அன்றிலிருந்து தினமும் இதுதான். பரீட்சை எழுதுகிறவள் மாதிரி அவள், மேற்பார்வையாளர் மாதிரி நான். போதும் விடு என்று ஒருநாள் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நான் கேட்டது தப்பு என்று ஆகிவிடும் என்பதால் எருமை மாடு மாதிரி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்படியும் இழுப்பு வந்தது. போன வாரம் மறுபடி வந்து போனதும் அவள் தன் அக்காவிடம் போனில் பேசிவிட்டு வந்து சொன்னாள். சனிக்கிழமை சுண்டுவோடு அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். இரண்டு மூன்று மாதம். வேலையை விட்டாலும் பரவாயில்லையாம். "அங்க யாரும் என் கையையே பாத்துட்டு நிக்க மாட்டாங்க." நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அவளைத் தடுக்கத் தெம்பில்லை. வேலை, வீடு, ஆஸ்பத்திரி என்று அலைந்து அலைந்து சண்டை போடுகிற சக்திகூட எங்கள் இருவருக்கும் தீர்ந்துபோயிருந்தது.

ஒரு வழியாக நாற்பத்து மூன்று எரிந்தது. டாக்டரம்மா சுண்டுவின் முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சுண்டு சொல்லாமலே வாயைப் பிளந்து மூச்சை இழுத்து விட்டாள், பழக்க தோஷம். "இன்னும் இருக்கே" என்றார். பைலைப் புரட்டினார். பேனாவைத் திறந்தார். டோஸைக் கூட்டப் போகிறார் என்று நினைத்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்ல நான் தயாராகும்போது அவர் பேனாவை மூடினார்.

"கூட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. பக்கத்து ரூம்ல சிஸ்டர் இருப்பாங்க. வீட்டுல எப்படிக் குடுக்கறீங்களோ அப்படியே ஒரு தடவ செஞ்சு காட்டிட்டு வாங்க. ஸ்பேசர் கொண்டு வந்திருக்கீங்கல்ல? அம்மா வரலையா?"

"வேலை" என்றேன்.

சிஸ்டர் பருத்த உடம்புக்காரர். காலணியைக் கழற்றிவிட்டு ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் பாதத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எத்தனை அப்பா அம்மாக்களைப் பார்த்தாரோ, என்னைப் பார்த்ததும் "வாங்க, உக்காருங்க, செய்ங்க" என்று மூன்று வார்த்தைகளில் முடித்துவிட்டார். நான் செய்தேன். இழுப்பு இருந்ததால் நீலத்தையே கொடுக்கச் சொன்னார். குலுக்கினேன், செருகினேன், சுண்டுவை நிமிர்த்தி உட்காரவைத்து மாஸ்க்கை இடுக்கு இல்லாமல் பொருத்தினேன், அடித்தேன், ஆறு மூச்சு எண்ணினேன். சிஸ்டரின் புருவம் உயர்ந்தது. "நல்லா பண்றீங்களே. பத்துக்கு ரெண்டு பேர்தான் இப்படிப் பண்ணுவாங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படியானால் தப்பு காலையில்தான் என்று அந்த நிமிடத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. அதை மறைக்க விரும்பவில்லை.

சிஸ்டர் ஸ்பேசரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தன நாளாச்சு இது வாங்கி?"

"நாலு மாசம் சிஸ்டர்."

"நாலு மாசமா? நேத்து வாங்கின மாதிரி இருக்கு. யாரு கழுவறது?"

"நான்தான்" என்றேன். பையிலிருந்து துணியை எடுத்துக் காட்டினேன். "கண்ணாடிக் கடையில வேலை. தினமும் கழுவி இதால தொடச்சு வைப்பேன். ஒரு பொட்டுத் தூசி இருக்காது, பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், பெருமூச்சுதான் விட்டார். என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த டோக்கன் சீட்டை உருவி, துணுக்குத் துணுக்காகக் கிழித்து மேசையில் போட்டார். அந்தத் துணியால் குழாயை நாலு இழுப்பு இழுத்துத் தேய்த்து, துணுக்குகளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் பிடித்தார். காகிதத் துணுக்குகள் துள்ளி எழுந்து குழாயில் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்றிரண்டு ஒட்டியபடியே நடுங்கின.

"அப்பா! யானை பேப்பர் சாப்புடுது!" என்று சுண்டு கைதட்டினாள்.

"மருந்தும் இப்படித்தாம்ப்பா ஒட்டிக்கும்" என்றார் சிஸ்டர். "காஞ்ச துணியால தொடச்சா பிளாஸ்டிக்ல கரண்ட் ஏறிடும். நீங்க அடிக்கற மருந்துல பெரும்பாதி உள்சுவத்துலயே உக்காந்துடும். புள்ளைக்கு என்னத்தப் போவும்? சோப்புத் தண்ணில முக்கி எடுத்து, உதறி, தானா காய விடணும். தொடவே கூடாது. அன்னிக்கே பேப்பர் குடுத்திருப்போமே."

கொடுத்திருந்தார்கள். படித்தும் இருந்தேன். "துடைக்காமல் தானாக உலர விடவும்" என்று ஐந்தாவதோ ஆறாவதோ வரி. நல்ல துணி கையில் இல்லாதவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இதில் இன்னும் கேவலம் என்னவென்றால், இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. பிளாஸ்டிக் லென்ஸை உலர்ந்த துணியால் துடைத்தால் தூசி தேடிவந்து ஒட்டும் என்று பதினேழு வருடமாக, பொருத்திய கண்ணாடியைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் நான்தான் வாங்குகிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன். அடுத்தவர் மூக்கில் உட்கார்கிற பிளாஸ்டிக்கில் எனக்குத் தெரிந்தது, என் பிள்ளையின் மூக்கில் வைக்கிற பிளாஸ்டிக்கில் தெரியாமல் போனது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்போ இத்தன நாள்..." என்றேன்.

"எல்லாம் இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் சிஸ்டர், காலணிக்குள் பாதத்தை நுழைத்தபடி. "இந்த வயசுல சில புள்ளைங்களுக்கு என்ன குடுத்தாலும் சளிக்குச் சளி இழுக்கும். ஆனா இது தப்பு. தப்ப மொதல்ல சரி பண்ணுவோம்." பிறகு அவரே அறையின் மூலையில் ஸ்பேசரைக் கழுவி, உதறி, ஈரத்தோடு ஒரு காகிதப் பையில் போட்டுத் தந்தார்.

டாக்டரம்மா டோஸைக் கூட்டவில்லை. ஆறு வாரம் இப்படியே பார்க்கலாம் என்றார். பைலில் "ஸ்பேசர் கழுவும் முறை திருத்தப்பட்டது" என்று எழுதினார். யார் கழுவியது என்று எழுதவில்லை. அதற்கு நான்கு வரி மேலே அந்தப் பழைய வரி, அடிக்கோட்டோடு, அப்படியே இருந்தது. அதைக் காட்டி, டாக்டர், இது தப்பு, இவள் ஒருநாளும் விட்டதில்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும். அவர் அடுத்த எண்ணுக்கு மணி அடித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் சுண்டு தூங்கிப்போனாள். நீல மருந்து வேலை செய்து முதுகு கைக்குக் கீழே அமைதியாக ஏறி இறங்கியது. யோசிக்க எனக்கு அரை மணி நேரம் கிடைத்தது, அந்த அரை மணி நேரத்தில் நான் யோசித்தவை எதுவும் அழகாக இல்லை. டோஸைக் கூட்டவில்லை, அப்படியே தொடரச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லிவிடலாம். இன்று மாலையிலிருந்து நான் துடைப்பதை நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பிள்ளைக்குச் சரியானால் மருந்து பிடித்துக்கொண்டது என்பார்கள். சிஸ்டரே உறுதியாகச் சொல்லவில்லையே. அப்படிப் பார்த்தால் சொல்லாமல் விடுவது பொய்கூட இல்லை. ஆனால் சனிக்கிழமை இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள், தப்பு தன்மேல்தானோ என்கிற எண்ணத்தோடு ஏறுவாள், நான் கையசைத்து வழியனுப்புவேன். சொன்னால் மட்டும் போகாமல் இருந்துவிடுவாளா? இன்னும் சீக்கிரம் போனாலும் போவாள். இரண்டு பக்கமும் எனக்கு நல்லதாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தபோது நான் இறங்கவில்லை. இன்னும் நான்கு நிறுத்தம் தள்ளித்தான் கிடங்கு.

மூன்று மணிக்கு அவர்களுக்குக் கால் மணி நேர இடைவேளை. லாரிகள் வந்து நிற்கிற மேடையின் ஓரத்தில், ஒரு பத்துப் பேர் காகிதக் கப்பில் டீயோடு காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இவள் முகம் வெளுத்துவிட்டது. கப்பை வைத்துவிட்டு ஓடிவந்து முதலில் சுண்டுவின் முதுகில் கை வைத்தாள்.

"ஒண்ணுமில்ல, தூங்கறா. மருந்த கூட்டல."

அவள் தோள்கள் இறங்கின. "அப்பாடா" என்று மேடையின் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "ஏன் கூட்டல?" என்றாள்.

நான் சொன்னேன். துணி, காகிதத் துணுக்கு, ஐந்தாவது வரி எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தில் ஈயாடவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த ஸ்கேனரின் பட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"அப்போ காலைல நான் குடுத்ததும்?"

"அதுவும்தான். ராத்திரி நான் தொடச்சு வைக்கறேன், காலைல நீ அதுலதான குடுக்கற."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். டீ ஆறிப்போனதைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"போன மாசம் ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேள நெஜமாவே காத்துல அடிச்சு விட்டுட்டேனோ, தூக்கக் கலக்கத்துல எனக்கே தெரியலையோன்னு. எனக்குப் புத்தி சரியில்லையோன்னு நெனச்சேன். அக்காகிட்ட அதத்தான் சொன்னேன். அதான் அவ வரச் சொன்னா."

தப்புதான் என்றேன். தப்புதான், தப்புதான் என்று நான்கு தடவை சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"பைல் எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இன்றைய தேதியில் டாக்டரம்மா எழுதியதைப் படித்தாள். விரலை மேலே ஓட்டி அந்தப் பழைய வரியில் நிறுத்தினாள்.

"இத அடிச்சிட்டு எழுதச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அன்னிக்கு என்னத் திரும்பிப் பாக்கறதுக்கு அங்க ஒரு நிமிஷம் இருந்துச்சு. இன்னிக்கு இதச் சொல்ல இல்ல, இல்லையா?"

அவள் சீருடைப் பையிலிருந்து பெட்டிகளின் மேல் எழுதுகிற தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி என்னிடம் நீட்டினாள். பிள்ளையை என் தோளிலிருந்து தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எழுதுங்க."

"டாக்டர் பைலும்மா, அதுல போய் நாம..."

"திட்டுவாங்களா? திட்டட்டும். நான் வாங்கலையா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நின்றுவிட்டது. நான் பைலை மேடையின் சிமெண்டு விளிம்பில் வைத்துக் குனிந்தேன். "ஸ்பேசரைத் தினமும் துணியால் துடைத்தது குழந்தையின் அப்பா." மார்க்கரின் முனை தடிப்பு, ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் பிடித்தது. நிமிர்ந்தேன்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

"காலை வேளை மருந்தை அம்மா ஒருநாளும் தவறவிட்டதில்லை." சிமெண்டின் சொரசொரப்பில் "அம்மா" கோணிக்கொண்டது.

"கீழ தேதி போடுங்க."

அன்றைய தேதியைப் போடக் குனிந்தேன். என் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"இன்னிக்குத் தேதி இல்ல. சிங்க்கிட்ட வந்து நின்னு என்னக் கேட்டீங்களே, அந்தத் தேதி."

எனக்குத் தெரியவில்லை. போன மாதமா, அதற்கு முந்தைய மாதமா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மாலை, ஒரு கேள்வி, கேட்டேன், மறந்தேன். மார்க்கரை வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றேன்.

"போன மாசம் பதினாலு" என்றாள். "செவ்வாக்கிழம. ஏழு மணி இருக்கும்."

எழுதினேன். உள்ளே மணி அடித்தது. கப்புகள் குப்பைக் கூடையில் விழுந்தன. ஒவ்வொருவராக எழுந்து, பட்டை பட்டையாகத் தொங்குகிற பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு போனார்கள். அவள் சுண்டுவை என் தோளில் சாய்த்துவிட்டு, ஸ்வெட்டரின் கழுத்தைச் சரிசெய்தாள். பைலைத் திருப்பித் தரவில்லை. மை காயாததால் திறந்தபடியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். சனிக்கிழமையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

நான் அங்கேயே நின்றேன். திரையின் இடுக்கு வழியாக அவளுடைய இடம் தெரிந்தது. பெல்ட் ஓடத் தொடங்கியது. பைலைப் பக்கத்து மேசையில் விரித்து வைத்து, தாள் புரளாமல் இருக்க மேலே ஒரு டேப் சுருளை வைத்தாள். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு பெட்டியைப் பிடித்து நிறுத்துவாள், ஸ்கேனரைக் காட்டுவாள், தள்ளிவிடுவாள், அடுத்தது வருவதற்குள் தலையைத் திருப்பி அந்தத் தாளை ஒருமுறை படிப்பாள்.